எழுபத்தொன்றாவது கவர்

எங்கள் உளவியல் துறையில் அவரை எல்லோரும் கவர் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். சம்பளப் பட்டியலில் 'அலுவலக உதவியாளர்' என்று இருக்கும். மூன்றாவது மாடியில் படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி, முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ. அந்த பீரோவுக்குள் ஒன்று முதல் நூற்றிருபது வரை எண் போட்ட பழுப்புக் கவர்கள். அவற்றுக்குள் சீட்டு வைத்து, ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டவன் நான். துறையில் புள்ளியியல் என் வேலை. ஒட்டுவது நான், பிரிப்பது அவர்.

விஷயம் இதுதான். மனச்சோர்வில் விழுந்தவர்களுக்கு வாரம் ஒரு தடவை உட்கார வைத்துப் பேசிச் செய்கிற ஒரு சிகிச்சையை எங்கள் பேராசிரியை வகுத்திருந்தார். பன்னிரண்டு வாரம். அதனால் பலன் உண்டா என்று பார்க்க வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு நூறு பேரில் அறுபது பேர் தேறிவிட்டார்கள் என்று சொன்னால் போதாது. தலைவலி உச்சத்துக்குப் போகும்போதுதான் நாம் மாத்திரை தேடுகிறோம். ஒரு மணி நேரத்தில் வலி குறைந்தால் மாத்திரைக்கு நன்றி சொல்கிறோம். போடாமல் விட்டிருந்தாலும் குறைந்திருக்குமோ, யார் கண்டது? அதனால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உடனே சிகிச்சை, மீதிப் பாதிக்குப் பன்னிரண்டு வாரம் கழித்து என்று வைத்தோம். இரண்டு கூட்டத்தையும் பன்னிரண்டாவது வார முடிவில் ஒரே கேள்வித்தாளால் அளப்போம். இருபது கேள்வி, கேள்விக்கு மூன்று வரை, மொத்தம் அறுபது மதிப்பெண். மதிப்பெண் ஏற ஏற நிலைமை மோசம்.

யாருக்கு இப்போது, யாருக்குப் பிறகு என்பதை மனிதர்கள் தீர்மானிக்கக் கூடாது. இரக்கப்பட்டு ரொம்ப முடியாதவர்களை முதலில் எடுத்துக்கொண்டால் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி இருக்காது, ஒப்பிடவே முடியாது. ஆகவே கணினி குலுக்கிப் போட்டது. பாதிக்குப் பாதி சரியாக வரவேண்டும் என்று நான் கவர்களை நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொரு நான்கிலும் இரண்டு 'இப்போது', இரண்டு 'பிறகு' வருகிற மாதிரி செய்தேன். அந்த நான்கை நடுநடுவே ஆறாகவும் எட்டாகவும் மாற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. சோம்பல்பட்டேன். யார் உட்கார்ந்து எண்ணப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அக்கா எண்ணினார். கெட்ட எண்ணத்தில் இல்லை. கவரைப் பிரித்துச் சீட்டைக் காட்டும்போது எதிரே இருக்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். நாங்கள் எல்லோரும் உள்ளறைகளில் எண்களோடு இருந்தோம். 'பிறகு' என்று வந்தால் சில பேர் சிரித்துவிட்டு எழுந்திருப்பார்கள். சில பேர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார்கள், அங்கே வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்று. ஒரு தையல்கார அம்மாள் கைக்குட்டையை மடித்து மடித்துக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிவிட்டு, "நான் எப்பவும் ரெண்டாவது லிஸ்ட்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதனால் அடுத்தது என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளலாம் என்று அக்கா ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். முப்பதாவது கவரிலேயே பிடித்துவிட்டார். "தம்பி, உங்க கம்ப்யூட்டர் நாலு தப்படிக்கு ஒரு தடவை மூச்சு விடுது" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் வேறு ஏதோ வேலையில் இருந்தேன். காதில் வாங்கவில்லை. இன்றைக்கும் அந்த வாக்கியம் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், "மாப்பிள்ளை வந்தாரு, எனக்குத்தான் பஸ் கிடைக்கலை" என்பார். பெற்றோர் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். பிறகு தங்கை வந்து சேர்ந்தாள். பத்து வயது இளையவள், ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கணவனோடு ஒத்துவராமல் இரண்டு பெட்டிகளோடு வந்தாள். முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தாள். அச்சகத்திலிருந்து வந்ததும் அன்றைக்குப் பிடித்த பிழைகளைச் சொல்லி அக்காவைச் சிரிக்க வைப்பாள்.

அப்புறம் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. காய்ச்சல் இல்லை, சண்டை இல்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தாள். தலை வாருவதை நிறுத்தினாள். அக்கா காலையில் மேசையில் வைத்துவிட்டுப் போன சாப்பாடு சாயங்காலம் மூடிய தட்டு அகலாமல் அப்படியே இருக்கும். அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். வாந்தி எடுத்தாள், நிறுத்திவிட்டாள். பேசிப் பார்க்கிற சிகிச்சைக்கு அங்கே ஏழு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

"என்னடி பண்ணுது?" என்று அக்கா ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலைக்கா. அதான் பிரச்சனை. ஒண்ணுமே பண்ணலை."

ஊருக்கெல்லாம் கவர் பிரித்துக் கொடுக்கிறவர், தன் வீட்டில் ஒருத்தி இப்படிக் கிடப்பதை எங்களிடம் மூன்று மாதம் சொல்லவில்லை. சொன்ன அன்றைக்குப் பேராசிரியை, "விதியில எங்கயும் சொந்தக்காரங்க சேரக்கூடாதுன்னு போடலை. கூட்டிட்டு வாங்க. ஆனா கவர்ல என்ன வருதோ அதுதான்" என்றார். அந்த விதியைப் போடாமல் விட்டதும் எங்கள் தவறுதான். வேலை செய்கிறவரின் தங்கைக்கு அவர் கையாலேயே கவர் பிரிக்கக் கூடாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தங்கையை அழைத்துவந்தார். மூன்று மாடி ஏறுவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் நின்றாள், கைப்பிடியைப் பிடித்தபடி அக்கா காத்திருந்தார். கேள்வித்தாள் நிரப்பும் பெண் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நாற்பத்தொன்று. அறுபதுக்கு நாற்பத்தொன்று. அந்த மாதத்தில் வந்தவர்களிலேயே அதிகம். தங்கை சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காவின் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு விழுந்த எண் எழுபத்தொன்று.

அந்த நான்கில் அறுபத்தொன்பது 'பிறகு', எழுபது 'இப்போது'. மிச்சம் இரண்டு கவர். ஒன்றில் இது, ஒன்றில் அது. அக்கா பீரோவைத் திறந்து கவரை எடுத்தார். கத்தரிக்கோல் மேசை மேலேயே இருந்தது. ஆனாலும் கத்தரிக்கோல் தேடுகிற சாக்கில் கவரோடு பக்கத்து ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் பிரித்தார்.

'பிறகு.'

பழைய நாற்காலிகளுக்கும் காகிதக் கட்டுகளுக்கும் நடுவே எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. எழுபத்திரண்டில் என்ன இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. எண்ணித் தெரிந்துகொண்டவர் ஆயிற்றே. வெளியே வந்தார், பீரோவிலிருந்து எழுபத்திரண்டை எடுத்தார், தங்கையின் கண் முன்னாலேயே வெட்டிச் சீட்டைக் காட்டினார். அவள் அதைப் படிக்கக்கூட இல்லை.

"என்ன போட்டிருக்கு?"

"இப்போதுன்னு போட்டிருக்கும்மா."

"சரி" என்றாள்.

அந்தச் சீட்டை எழுபத்தொன்றின் கோப்பில் குத்தினார். 'பிறகு' என்ற சீட்டை, வெட்டிய எழுபத்திரண்டாவது கவருக்குள் வைத்துப் பீரோவுக்குள் தள்ளினார். மூல வரிசை என்னிடம் பூட்டியிருக்கிறது, ஆய்வு முடிந்ததும் நான் எடுத்து ஒப்பிடுவேன், அப்போது மாட்டிக்கொள்வோம் என்பது அவருக்குத் தெரியும். பின்னால் அதைப் பற்றிக் கேட்டேன். "தெரிஞ்சுதான் தம்பி செஞ்சேன். அதுக்குள்ள அவ எழுந்திரிச்சுடுவா. அப்புறம் என்னை என்ன வேணா பண்ணிக்கட்டும்னு நினைச்சேன்" என்றார்.

அவர் நினைக்காமல் போனது ஒன்றுதான். எழுபத்திரண்டு என்பது வெறும் எண் இல்லை.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு எழுபத்திரண்டாம் எண்காரர் படியேறி வந்தார். ஐம்பத்தாறு வயது. பதினான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவர். சீருடைச் சட்டையைத் தேய்த்து, பொத்தானை மேல்வரை போட்டிருந்தார். மனைவி இறந்து பதினோரு மாதம். மகள் வெளியூரில். மதிப்பெண் முப்பத்தாறு.

அக்கா மேசை விளிம்புக்குக் கீழே கவரை வைத்துக் கத்தரிக்கோலை வெறுமனே ஒரு தடவை அசைத்தார். சீட்டை எடுத்து நீட்டினார். லிஃப்ட்காரர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"பிறகா? பரவாயில்லைம்மா" என்றார். "எல்லாரையும் மேல அனுப்பிட்டு நான் உள்ளயே நிக்கறதுதானே என் பொழப்பு."

எல்லோருக்கும் சொல்கிற வாக்கியத்தை அக்கா அவருக்கும் சொல்ல வாயெடுத்தார். பன்னிரண்டே வாரம், நடுவில் நானே ஃபோன் பண்ணுவேன் என்பது அது. பாதியில் இருமல் வந்து குனிந்துகொண்டார். அந்த ஆளே எழுந்து தண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கைக்கு முதல் மூன்று வாரம் எந்த மாற்றமும் இல்லை. நான்காவது வாரம் தானே தலை வாரிக்கொண்டாள். ஆறாவது வாரம், மேசையில் இருந்த செய்தித்தாளை எடுத்து, "இதுல மூணாவது பத்தியில ஒரு ஒற்று விட்டுப்போச்சு" என்றாள். அக்கா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். ஒன்பதாவது வாரம் அச்சகத்துக்குப் பாதி நாள் போக ஆரம்பித்தாள்.

அதே வாரங்களில் அக்கா லிஃப்ட்காரருக்கு ஃபோன் பண்ணிக்கொண்டிருந்தார். விதிப்படி நான்காவது வாரம் ஒரு தடவை, எட்டாவது வாரம் ஒரு தடவை பண்ணினால் போதும். இவர் வாராவாரம் பண்ணினார். முதலில் அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். பிறகு பேச்சு குறைந்தது. ஏழாவது வாரம், "தூக்கம் வரலைம்மா. வீட்டுல ஒருத்தர் மட்டும் இருந்தா கடிகாரம் ரொம்பச் சத்தம் போடுது" என்றார்.

"வேற டாக்டர் யாரையாவது பாருங்களேன். நான் வேணா ஒரு இடம் சொல்றேன்" என்றார் அக்கா.

"உங்ககிட்ட வரேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே. இன்னும் அஞ்சு வாரந்தானே. வாக்கு மாறக்கூடாதும்மா."

ஒன்பதாவது வாரம் வியாழக்கிழமை பேசியபோது, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றும், பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய் வாங்கவில்லை என்றும் சொன்னார். சொன்ன விதம், வேறு யாருக்கோ நடப்பதைச் சொல்கிற மாதிரி இருந்ததாம்.

இப்படி ஏதாவது காதில் விழுந்தால் அன்றைக்கே பேராசிரியையிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னால் காத்திருப்பிலிருந்து அவரை எடுத்து அன்றே மருத்துவரிடம் அனுப்புவார்கள். அப்படி எடுக்கும்போது கோப்பைத் திறப்பார்கள். மூல வரிசையோடு வைத்துப் பார்ப்பார்கள். தங்கைக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. விஷயம் தெரிந்தால் அவள் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்று அக்காவுக்குப் பயம். நிறுத்தியிருக்க மாட்டோம். அது அவருக்கு எப்படித் தெரியும்?

"திங்கட்கிழமை சொல்லிக்கலாம்னு நினைச்சேன் தம்பி. நாலே நாளுதானேன்னு."

திங்கட்கிழமை காலை லிஃப்ட்காரருக்கு ஃபோன் பண்ணினார். எடுக்கவில்லை. பத்து தடவை பண்ணினார். அன்று சாயங்காலமும் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஃபோன் அணைந்திருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்துக்கு ஓடினார். லிஃப்ட்டுக்குள் வேறு ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அவரா? வெள்ளிக்கிழமையிலேர்ந்து வரலை. உங்களுக்கு எந்த மாடி?"

அக்கா உள்ளே ஏறி நின்றார். கதவு மூடியது. லிஃப்ட் மேலே போய்க் கீழே வந்து, மறுபடி மேலே போயிற்று. மூன்று தடவை யார் யாரோ ஏறி இறங்கிய பிறகுதான் தான் இன்னும் உள்ளேயே நிற்பது அவருக்கு உறைத்ததாம்.

கோப்பிலிருந்த முகவரியைத் தேடிப் போனார். தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீடுகள். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. புதன்கிழமை போனார், பூட்டு. வியாழக்கிழமை கதவு திறந்திருந்தது. உள்ளே ஓர் இளம்பெண் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். சட்டைகளை மடித்து ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கியிருந்தாள். எல்லாம் சீருடைச் சட்டைகள்.

லிஃப்ட்காரர் சனிக்கிழமையே இறந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. சமையலறையில் விழுந்திருந்தார். மகள் ஃபோன் பண்ணி எடுக்காமல் போகவே பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி உள்தாழ்ப்பாளை உடைக்க வைத்தாளாம்.

"நீங்க யாருன்னு…" என்றாள் மகள்.

"நான் மனநல ஆய்வு ஆபீஸ்லேர்ந்து. ஃபோன் பண்ணுவேன் அவருக்கு."

அந்தப் பெண் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா உங்களைப் பத்திச் சொல்லியிருக்காரு. வாராவாரம் ஒரு அம்மா கூப்பிட்டுப் பேசறாங்க, அது வந்தாத்தான் எனக்குக் கிழமை தெரியுதுன்னு. ரொம்ப நன்றிம்மா. நான் கூடப் பக்கத்துல இல்லை. நீங்களாவது இருந்தீங்க."

அக்கா கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், உண்மையைச் சொல்லவும் முடியாமல் நின்றார். பிறகு நடந்தார். பேருந்தில் ஏறவில்லை. ஒன்றரை மணி நேரம் நடந்து துறைக்கு வந்து, நேராக என் அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டோர் ரூம், சீட்டு, வியாழக்கிழமை, நாலு நாள் என்று வரிசையாக, சாட்சி சொல்கிற மாதிரி சொன்னார். அழவில்லை. செருப்பு வார் அறுந்து ஒரு காலில் ரத்தம் வந்திருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

கடைசியில் கேட்டார்: "நீங்க கணக்குத் தெரிஞ்சவரு. உங்ககிட்ட கேக்கறேன். நான் சீட்டை மாத்தலைன்னா அவர் இருந்திருப்பாரா?"

"அக்கா, அது பிரஷர்…"

"பிரஷர்னு எனக்கும் தெரியும். மாத்திரை ஏன் வாங்கலை? மனசு சரியா இருந்திருந்தா வாங்கியிருப்பாரா, மாட்டாரா? அதைச் சொல்லுங்க."

என் படிப்பில் அதற்கு வழி இல்லை. அறுபது பேரையும் அறுபது பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதாவது சொல்வேன். ஒரே ஓர் ஆளுக்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு அவர் கிடையாது. சிகிச்சை கிடைத்த அவரும் கிடைக்காத அவரும் இரண்டு பேராக இருந்தால்தானே ஒப்பிடலாம். இதைத்தான் ஏதோ குழறிச் சொன்னேன்.

"அப்ப எனக்கு ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. சாகற வரைக்கும் இப்படியே கேட்டுட்டே இருக்கணும். அப்படித்தானே?"

பேராசிரியையிடம் நான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கத்தவில்லை. "என்கிட்ட வந்து கேட்டிருந்தா தங்கச்சியை ஆய்வுலேர்ந்து எடுத்துட்டு நானே பார்த்திருப்பேனே. ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க" என்றார். அடித்திருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். அந்த ஒரு வார்த்தைதான் அவரை உட்கார வைத்துவிட்டது. அப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நாங்களும் சொல்லவில்லை.

நெறிமுறைக் குழு கூடியது. ஏழு பேர், நீள மேசை. அக்காவை வேலையிலிருந்து எடுத்தார்கள். நான்கு நான்காக வைத்ததற்கு எனக்கு எழுத்தில் கண்டிப்பு. லிஃப்ட்காரரின் மகளிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. பேராசிரியையும் அக்காவும் வெளியூருக்கு ரயிலில் போனார்கள். மகள் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். முழுவதும் கேட்டாள். "அன்னிக்கு உங்க கையைப் பிடிச்சேனே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஆய்வு நிற்கவில்லை. மிச்சக் கவர்களை வேறு விதமாகக் குலுக்கி வேறு இடத்தில் வைத்து முடித்தோம். கடைசியில் நான் கணக்குப் போட்டேன். இப்படிப்பட்ட ஆய்வில் கணினி யாரை எந்தக் கூட்டத்தில் போட்டதோ அதே கூட்டத்தில்தான் எண்ண வேண்டும், உண்மையில் என்ன நடந்திருந்தாலும் சரி. இல்லாவிட்டால் ஆளாளுக்குத் தங்களுக்கு வேண்டிய மாதிரி மாற்றிக்கொண்டு போவார்கள். நல்ல விதிதான். அதன்படி, நாற்பத்தொன்றிலிருந்து பதினெட்டுக்கு இறங்கிய தங்கையை, சிகிச்சை இல்லாமல் காத்திருந்தவர்கள் பக்கம் போட்டேன். காத்திருந்தே செத்துப்போன லிஃப்ட்காரரைச் சிகிச்சை பெற்றவர்கள் பக்கம் போட்டேன். விரல் விசைப்பலகை மேல் நின்றுவிட்டது. ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் அழுத்தினேன்.

சிகிச்சைக் கூட்டம் சராசரியாகப் பதின்மூன்று மதிப்பெண் இறங்கியிருந்தது. காத்திருந்த கூட்டமும் சும்மா இல்லை, ஏழு இறங்கியிருந்தது. சிகிச்சையால் ஒரு பயனும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவதற்கு நூற்றுக்கு மூன்று வாய்ப்புதான். ஆக, பலன் உண்டு. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி: 'இருவரின் ஒதுக்கீடு நடைமுறைப் பிழையால் மாறியது.' அதை எழுதியவனும் நான்தான்.

தங்கைக்கு விஷயத்தைச் சொன்னது அக்காவேதான். வேலை போன அன்று சாயங்காலம் சொன்னார். தங்கை இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், பேச்சு இல்லாமல். ஒரு நாள் மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பாமல் சொன்னாளாம்: "நான் நல்லா இருக்கறதைப் பாத்து எனக்கே பயமா இருக்குக்கா. இது யாரோடது?"

ஆனாலும் அவள் மறுபடி விழவில்லை. விழுந்தது அக்கா.

ஆறு மாதம் கழித்துத் தங்கை எனக்கு ஃபோன் பண்ணினாள். "அக்கா எழுந்திரிக்கவே மாட்டேங்கறா. அதே சுவரு, அதே கட்டில். நான் எப்படிக் கிடந்தேன்னு இப்பத்தான் தெரியுது. வந்து பாருங்களேன்."

கேள்வித்தாள் நிரப்புகிற பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவின் மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். 'கடந்த இரண்டு வாரங்களில், உங்களைப் பற்றி நீங்களே குற்றவாளி என்று எண்ணினீர்களா?' என்ற கேள்விக்கு அக்கா முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார்.

"அதுக்கு மூணுக்கு மேல மார்க் இல்லையா?"

நாற்பத்துநான்கு வந்தது.

அந்தச் சிகிச்சை இப்போது துறையின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் திறந்த கிளினிக்காக நடக்கிறது. கவர் கிடையாது, வரிசை உண்டு. தங்கை பதிந்தாள். மூன்று வாரத்தில் முறை வந்தது. அக்கா போய் உட்கார்ந்தார். பெயரைக் கூப்பிட்டதும் பக்கத்திலிருந்த ஒரு பெரியவரைக் காட்டி, "இவரை முதல்ல அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அடுத்த வாரம் கையில் குழந்தையோடு வந்த ஒருத்தியைக் காட்டினார். அதற்கடுத்த வாரம் காட்ட யாரும் இல்லை. "பின்னாடி யாராவது வருவாங்க, வெச்சிருங்க" என்றார். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். பட்ட காலிலே படும் என்பார்களே, இவள் படுகிற இடத்திலேயே காலை நீட்டுகிறாளே என்று என்னிடம் புலம்பினாள். எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. இவர் இப்படியே தள்ளித் தள்ளிக் கரைந்துபோய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

நான்காவது வாரம் நானும் போயிருந்தேன். நீள பெஞ்சில் ஆறு பேர். அக்கா சுவரோரம், பக்கத்தில் தங்கை. பெயரைக் கூப்பிட்டார்கள். அக்கா யாரையோ தேடுவது போலப் பெஞ்சைப் பார்த்தார்.

தங்கை அவர் முழங்கையைப் பிடித்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்காக நீ ஒரு தடவை வரிசையைக் கெடுத்த. மறுபடியும் கெடுக்காத. இது உன் முறை. முன்னாடி போறதும் தப்பு, பின்னாடி போறதும் தப்பு. எழுந்திரு அக்கா."

"நான் போனா அந்த ஆளு வந்துடுவாரா?"

"வரமாட்டாரு. போகலைன்னாலும் வரமாட்டாரு."

உள்ளிருந்து இரண்டாவது தடவை பெயரைக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கையை ஊன்றி எழுந்தார். நடுவில் ஒரு தடவை நின்றார். தங்கை அழைக்கவுமில்லை, தள்ளவுமில்லை. அப்புறம் அவராகவே கதவுவரை போய் உள்ளே நுழைந்தார்.

பன்னிரண்டு வாரத்தையும் அவர் முடிக்கவில்லை. எட்டு தடவை போனார் என்று தங்கை சொன்னாள். அவருடைய மதிப்பெண் இப்போது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. மருந்துக் கிடங்கு ஒன்றில் அட்டைப் பெட்டிகளுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டுகிற வேலைக்குப் போகிறார். சில நாட்கள் போகிறார், சில நாட்கள் கிடக்கிறார்.

போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். முடி முழுக்க நரைத்திருந்தது. எப்படி இருக்கீங்க அக்கா என்று கேட்டேன்.

"இன்னிக்கு எழுந்துட்டேன் தம்பி" என்றார்.

அதற்குள் பேருந்து வந்துவிட்டது. கூட்டம் முண்டியடித்தது. அவர் ஒதுங்கி நின்று, எல்லோரும் ஏறிய பிறகு கடைசியாகப் படியில் கால் வைத்தார்.